"விளங்கிச்சு மிஸ்" என்றால் விளங்கியது என்று அர்த்தமில்லை

கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்துக் கார்மென்ட்ஸுகளுக்குப் புதிதாக வரும் மனேஜர்மார் முதல் மாதமே ஒரு கண்டுபிடிப்புச் செய்துவிடுவார்கள். "இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் வாய் திறக்க மாட்டார்கள். எதைக் கேட்டாலும் ஓம் என்பார்கள். அது அவர்களின்ர கலாசாரம்." கொழும்பிலிருந்து வருபவர் இதைச் சொல்வார், ஐரோப்பாவிலிருந்து வரும் பையரின் (உடுப்பு வாங்கும் கம்பனியின்) ஆளும் சொல்வார். எங்கட ஆட்களே எச்ஆர் கதிரையில் ஏறியதும் இதையே திருப்பிச் சொல்வதுதான் பெரிய பகிடி.

எனக்கு இந்தக் கதையில் உடன்பாடு இல்லை. மறுப்புக்கு தூரம் போகத் தேவையில்லை. அதே பிள்ளையின் அக்காவோ சித்தியோ முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறார். அதுவும் பன்னாட்டு வேலைத்தளம்தான். ஹலோ ட்ரஸ்ட், மாக் என்ற இரண்டு பிரித்தானிய அமைப்புகளும் 2002 முதல் இலங்கையில் இந்த வேலையைச் செய்கின்றன. ஊர் ஒன்று, பாஷை ஒன்று, வளர்ப்பு ஒன்று. ஆனால் அங்கே அந்தப் பெண் கையை உயர்த்தி வேலையை நிறுத்துகிறார்.

அங்கே நாள் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். டிடெக்டரைக் கையில் எடுத்ததும் நேரே லேனுக்குள் (வெடி தேடும் ஒடுங்கிய பாதைக்குள்) போக முடியாது. குறித்த ஆழத்தில் புதைத்து வைத்த மாதிரித் துண்டின் மேலே முதலில் பிடித்துப் பார்க்க வேண்டும். சத்தம் ஒரு மாதிரி வந்தால் அந்த டிடெக்டர் அன்று வேலைக்கு இல்லை. பி4 வகை வெடியில் உலோகம் மிகக் குறைவு. அதன் சத்தத்தையும் ஒரு ஆணித்துண்டின் சத்தத்தையும் பிரித்தறிவது லேசில்லை. செல் (எறிகணை) துண்டுகள் மண்டிக் கிடக்கும் இடங்களில் டிடெக்டரை ஒதுக்கிவிட்டு றேக்கால் மண்ணை அடுக்கடுக்காக வாரி எடுப்பதும் உண்டு. சத்தம் வந்த இடத்தில் மேலிருந்து குத்துவதில்லை. ஒரு சாண் தூரமாவது பின்னால் கிண்டத் தொடங்கி, பக்கவாட்டாகப் போய் வெடியின் விலாவைத் தொட வேண்டும், ஏனென்றால் அமுக்கம் படும் தட்டு மேலேதான் இருக்கிறது. சந்தேகம் வந்தால் வேலை நிற்கும். நிறுத்தியவர் போன கிழமை சேர்ந்தவராக இருந்தாலும் செக்சன் லீடர் வந்து பார்த்தாக வேண்டும். "ஏன் சும்மா நிப்பாட்டினனீங்கள்?" என்று அவர் ஒருநாள் எரிந்து விழுந்தால், அடுத்த நாள் ஒருவரும் நிறுத்த மாட்டார்கள்.

"அது உயிர் விஷயம், இது நூல் விஷயம்" என்று சொல்வீர்கள். பாதி சரி. அங்கே மறைத்தால் மறைத்தவரின் கால் போகும். இங்கே மறைத்தால் எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் தோலில் ஊசிமுனை குத்தும். தூரம் கூடக் கூட மறைப்பது சுலபமாகிறது. மீதிப் பாதி எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு உடைந்த ஊசியின் பின்னால் போவோம்.

மெசினில் ஊசி உடைந்தால் செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரியும். மெசினை நிறுத்த வேண்டும், துணியை இழுக்கக் கூடாது. சுப்பவைசரும் மெக்கானிக்கும் வர வேண்டும். காந்தத்தால் மேசை, தரை, பண்டில் (வெட்டுத் துணிக் கட்டு) எல்லாம் தடவித் துண்டுகளைச் சேர்க்க வேண்டும். முழு ஊசியாகப் பொருத்திப் பார்த்துப் பதிவேட்டில் டேப்பால் ஒட்டி, திகதி, நேரம், மெசின் இலக்கம், பெயர் எழுத வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த உருப்படியும் சுற்றியுள்ளவையும் ஒதுக்கப்பட்டு மெட்டல் டிடெக்டருக்குப் போகும். பழைய ஊசியைக் கொடுத்தால்தான் புது ஊசி.

இதற்குக் கால் மணித்தியாலம் என்று வையுங்கள். லைனில் 30 பேர், நாளுக்கு 480 நிமிடம், உருப்படிக்கு 12 நிமிடம் எஸ்எம்வி (ஒரு உருப்படி தைக்கக் குறித்த நேரம்) என்றால் நூறு வீதத் திறனுக்கு 1200 உருப்படி, 60 வீதத் திறனுக்கு 720. மணித்தியாலத்துக்கு 90. அந்த ஒரு மெசின் பதினைந்து நிமிடம் நின்றால், அடுத்த மெசினுக்கு முன்னால் பண்டில் சேர்ந்திராவிட்டால், 22 உருப்படி போச்சு. லைன் தலைப்பில் தொங்கும் பலகையில் அந்த மணித்தியாலத்துக்கு 68 என்று விழும். பலகையில் "ஊசி உடைந்தது" என்று எழுத இடமில்லை. 68 மட்டும் சிவப்பில் இருக்கும். மற்ற 29 பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், இன்சென்டிவ் அவர்களுக்கும்தானே குறைகிறது.

அந்தப் பிள்ளை என்ன செய்வாள்? பக்கத்து மெசினில் ஒளித்து வைத்த ஊசி ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு தைப்பாள். இதில் கலாசாரம் எங்கே இருக்கிறது? இது கணக்கு. உண்மையைச் சொல்ல 22 உருப்படியும் 29 பார்வையும் விலை. பொய்க்கு ஒன்றும் இல்லை.

திருத்துவதும் கணக்கால்தான். பலகையில் இன்னொரு நிரல் போட்டு, ஊசி, மெசின் பழுது, வெட்டுத் துண்டு வராமை என்று நின்ற நிமிடங்களை எழுதி, அந்த மணித்தியாலத்தின் டார்கெட்டிலிருந்தே கழித்துவிட வேண்டும். 15 நிமிடம் நின்றால் டார்கெட் 90 அல்ல, 68. சிவப்பு விழாது. செய்து முடிந்ததும் அடுத்த மாதம் பதிவேட்டில் உடைந்த ஊசிகள் கூடும். மேலிடம் பதறும். பதறக் கூடாது. ஏமி எட்மன்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளைப் பார்க்கப் போனபோது, நன்றாக இயங்கும் அணிகளில்தான் பதிவான தவறுகள் அதிகமாக இருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதல்ல, மறைக்காமல் எழுதினார்கள்.

கலாசாரப் பேச்சுக்கு ஆதாரமாகப் பயிற்சி வகுப்புகளில் ஹொஃப்ஸ்டெட்டைக் காட்டுவார்கள். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கேள்விக்கொத்தை வைத்து, ஒவ்வொரு நாட்டிலும் மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் இடையே அதிகார இடைவெளி எவ்வளவு என்று கணக்கிட்டவர். பயனுள்ள வேலைதான். ஆனால் அது நாட்டின் சராசரி. ஒரு தனி ஆள் எப்படி நடப்பார் என்று அதை வைத்துச் சொல்லக் கூடாது என்று அவரே எச்சரித்திருக்கிறார். அந்தப் பக்கம் மட்டும் ஸ்லைட்டில் வருவதில்லை.

கலாசாரம் ஒன்றுமே இல்லை என்கிறேனா? இல்லை. அது வேறு இடத்தில் வேலை செய்கிறது. லைனில் சுப்பவைசர் "அக்கா". சிங்களச் சுப்பவைசர் என்றால் பிள்ளையை "நங்கி" (தங்கச்சி) என்பார். கேட்க நல்லாய் இருக்கும். பின்னேரம் நாலரைக்கு அந்த அக்கா வந்து "தங்கச்சி, இண்டைக்கு ரெண்டு மணித்தியாலம் நிண்டு தாங்கோ" என்றால் யார் மாட்டேன் என்பது? உறவுமுறை சொல்லிக் கேட்டதை மறுப்பது வேலையை மறுப்பதல்ல, ஆளை மறுப்பது. "நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்" என்று சுவரில் எழுதி வைத்திருக்கும் இடத்தில் முறைப்பாட்டுப் பெட்டி ஏன் வெறுமையாய்க் கிடக்கிறது என்று கேட்கிறார்கள். குடும்பத்துக்குள் யார் பெட்டிசம் எழுதுகிறார்கள்? (பெட்டி தொங்குவது எச்ஆர் வாசலில், கமராவுக்கு நேர் கீழே என்பது வேறு கதை.)

நம்பிக்கை பற்றி 1995 இல் மேயர், டேவிஸ், ஷூர்மன் மூவரும் எழுதிய கட்டுரை மூன்று கூறுகளைச் சொல்கிறது. ஆளுக்கு வேலை தெரிகிறதா, எனக்கு நல்லது நினைக்கிறாரா, சொன்ன சொல்லில் நிற்கிறாரா. வன்னியில் மூன்றாவதுதான் முதலில் நிறுக்கப்படும் என்பது என் எண்ணம். இங்கே வாக்குறுதி கேட்டுக் காது புளித்த சனம். அந்த நிறுவை எட்டுப் பக்கக் கொள்கை அறிக்கையில் நடப்பதில்லை, பஸ்ஸில் நடக்கிறது. ஓவர் டைம் முடிந்து ஆறரைக்கு பஸ் என்று சொல்லி ஏழேகாலுக்கு எடுத்தால், பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில் தர்மபுரம், விசுவமடு தாண்டி உள் ஒழுங்கையில் இறங்கும் பிள்ளை இருட்டில் நடக்கிறாள். வீட்டில் கேள்வி. அடுத்த நாள் அதே மனேஜர் "தவறு நடந்தால் பயப்படாமல் சொல்லுங்கள்" என்று காலைக் கூட்டத்தில் சொன்னால் அந்தச் சொல்லையும் பஸ் நேரத்தோடு சேர்த்துத்தான் எடை போடுவாள்.

பாஷைக்கு ஒரு சின்ன வேலை போதும். "விளங்கிச்சோ?" என்று கேட்பதை நிறுத்துங்கள். அதற்கு ஒரே பதில்தான் உண்டு. மேசையில் அங்கீகரித்த சாம்பிளை வைத்து, "இந்த மடிப்பை எப்பிடிப் பிடிப்பீங்கள், ஒருக்காத் தைச்சுக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். முதல் மூன்று உருப்படியை அந்த இடத்திலேயே அளந்து பார்த்தால், 1000 உருப்படி லொட்டில் 80 எடுத்துப் பார்க்கும் கடைசிப் பரிசோதனையில் ஆறு பிழை பிடிபட்டு முழு லொட்டும் திரும்பும் கூத்து பெரும்பாலும் நடக்காது.

கண்ணிவெடி வேலையையும் நான் கோயிலாக்கவில்லை. சர்வதேசக் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் சேர்ந்த இலங்கைக்கு நிலத்தைத் துப்புரவாக்கிக் கொடுக்க 2028 ஜூன் வரை கெடு. கெடு நெருங்கினால் மேலிருந்து "இன்றைக்கு எத்தனை சதுர மீற்றர்?" என்ற கேள்விதான் முதலில் வரத் தொடங்கும். வேண்டிய ஆழம் வரை கிண்டாமல் விட்டேனோ என்று சந்தேகப்பட்டு ஒருவர் தன் துண்டைத் தானே மறுபடி கிண்டக் கேட்டால், அந்த மீற்றர் அவர் கணக்கில் குறையுமா? குறைந்தால், அந்த வயலும் கார்மென்ட்ஸ் லைனாகிவிடும்.

ஆகவே புது மனேஜர் வந்து முதல் கிழமை கலாசாரப் பயிற்சிக்குப் போக முன் ஊசிப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கட்டும். 300 மெசின், மூன்று மாதம், ஒட்டியிருப்பது ஐந்தே ஐந்து ஊசி என்றால், ஊசிப் பெட்டியின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்கட்டும். மெக்கானிக் ஐந்தரை பஸ்ஸில் போன பிறகு ஓவர் டைமில் உடையும் ஊசிக்குப் பதில் ஊசி எங்கிருந்து வருகிறது என்றும் கேட்கட்டும்.