கூரையை மாற்றினோம், படிக்கட்டை மறந்தோம்

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பள்ளிக் குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்தோம். அதன்பின் பள்ளிகளில் இருந்த கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது, அகற்றவும் செய்தார்கள். நல்ல காரியம்தான். ஆனாலும் அந்தக் கொடுமையிலிருந்து நாம் பாதிப் பாடத்தைத்தான் படித்தோம் என்பது என் உறுதியான எண்ணம். சமையல் கூடத்துத் தீ கூரைக்குத் தாவியதைப் பற்றி எல்லோரும் பேசினோம். மாடியிலிருந்த பிள்ளைகள் இறங்கி ஓட குறுகலான படிக்கட்டு மட்டுமே இருந்ததை அந்த அளவுக்குப் பேசவில்லை.

அதே ஆண்டு ஜனவரியில் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத் தீயில் மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கும் பழி கீற்றுப் பந்தலின் மேல் விழுந்தது. இப்போது மண்டபங்களில் கீற்று இல்லை. குளிர்சாதனம், பொய்க்கூரை, மேடையைச் சுற்றித் துணியும் தெர்மாகோலும், காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி. இவை பற்றினால் கிளம்பும் புகை கீற்றின் புகையைவிடக் கொடியது. அழையாதவர் பந்திக்குள் நுழைந்துவிடக்கூடாது என்று பக்கவாட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை யாரோ மடியில் வைத்துக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆய்வுக்கு அதிகாரி வருகிற நாளில் அந்தக் கதவு திறந்திருக்கும். முகூர்த்த நாளில் பூட்டியிருக்கும்.

என் கோரிக்கை இதுதான்: தீப் பாதுகாப்பு ஆய்வு என்றால் கட்டடத்தில் இருக்கும் ஆட்களை வெளியேற்றிப் பார்க்க வேண்டும். தீயணைப்பான் சிலிண்டரில் தேதி, தொட்டியில் தண்ணீர், குழாயில் அழுத்தம் எல்லாம் பார்க்க வேண்டியவையே. அவற்றோடு, கூட்டம் நிரம்பியிருக்கும் வேளையில், முன்னறிவிப்பு இல்லாமல், மணியை அடித்து எத்தனை நிமிடத்தில் எல்லோரும் வெளியே வந்தார்கள் என்று குறித்துக்கொள்ளாமல் சான்றிதழில் கையெழுத்திடக்கூடாது.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் நடக்கிறது. 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாகக் கடைப்பிடிக்கும் வாரம் அது. பல பள்ளிகளில் மைதானத்தில் எண்ணெயைப் பற்றவைத்து வீரர்கள் அணைத்துக் காட்டுவார்கள். பிள்ளைகள் உட்கார்ந்து கைதட்டுவார்கள். அந்தப் பிள்ளைகள் எழுந்து நடந்திருக்க வேண்டும். ஒரு படிக்கட்டைக் கயிறு கட்டி அடைத்துவிட்டு, "இந்த வழி புகை சூழ்ந்துவிட்டது, எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டிருக்க வேண்டும். வருகைப் பதிவேட்டை எந்த ஆசிரியர் எடுத்து வருவார், கழிப்பறையில் யாராவது இருக்கிறார்களா என்று யார் பார்ப்பார், நடக்க இயலாத மாணவனை யார் தூக்குவார், வெளியே எந்த மரத்தடியில் தலையை எண்ணுவது? இதெல்லாம் தீப் பிடித்த பிறகு யோசிக்கிற விஷயங்களா? பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமையில் அடங்கும் என்று கும்பகோணத்தை ஒட்டிய வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

மருத்துவமனைகளை நினைத்தால்தான் எனக்கு அதிகம் பதறுகிறது. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் இறந்தார்கள். லிஃப்டுக்குள் சிக்கியவர்களும் அதில் உண்டு. தீயின்போது லிஃப்டில் ஏறக்கூடாது என்று எழுதி ஒட்டுவது எளிது. எலும்பு முறிந்து படுத்திருப்பவர் வேறு எப்படி இறங்குவார்? அவரை முதலில் அதே மாடியில் புகை புகாத அடுத்த பகுதிக்குக் கட்டிலோடு தள்ளிச் செல்ல வேண்டும். அதற்குப் புகையைத் தடுக்கும் கதவு வேண்டும், கட்டில் நுழையும் அகலம் வேண்டும், இரவுப் பணியில் ஆள் வேண்டும். பகல் பதினொரு மணிக்கு, எல்லா ஊழியரும் இருக்கும்போது செய்யும் ஆய்வில் இதில் எதுவும் தெரியாது.

அடுக்குமாடிகளில் குடியிருக்கும் நாமும் யோக்கியர்கள் இல்லை. படிக்கட்டு முழுக்கச் செருப்பு அலமாரி, பழைய சைக்கிள், காலி அட்டைப்பெட்டி. மொட்டைமாடிக் கதவில் பூட்டு. எடுக்கச் சொன்னால் கோபம் வருகிறது.

மருத்துவமனை, விடுதி, மண்டபம், பயிற்சி மையம் ஆகியவற்றின் வாசலில் ஒரு பலகை வைக்கச் சட்டம் வேண்டும்: கடைசி ஒத்திகை எந்தத் தேதியில், இரவிலா பகலிலா, எத்தனை பேர், எத்தனை நிமிடம். பிள்ளையைச் சேர்க்கும் முன், நோயாளியை அனுமதிக்கும் முன், மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன் நாம் அதைப் படித்துக்கொள்கிறோம்.