எம்ஆர்ஐ நார்மல் என்றால் நுண்குழாய் நோய் இல்லையா?

"ஆஞ்சியோவும் நார்மல், இதய எம்ஆர்ஐயும் நார்மல், ஆகவே நெஞ்சுவலி வாயுதான்" என்று முடிவு கட்டுவது தவறு, ஆபத்தானதும்கூட. ஆஞ்சியோவில் (சாயம் ஏற்றி இதய ரத்தக் குழாய்களை எக்ஸ்ரேயில் பார்ப்பது) சுமார் அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய குழாய்கள், அதாவது நுண்குழாய்கள், தெரியாது. ஓய்வில் மட்டும் எடுக்கும் எம்ஆர்ஐ தழும்பையும் வீக்கத்தையும் காட்டும். நுண்குழாய்கள் விரிகின்றனவா என்பதைக் காட்டாது.

அதற்கு ஸ்ட்ரெஸ் பெர்ஃப்யூஷன் எம்ஆர்ஐ (மருந்தால் குழாய்களை விரியவைத்து இதயத்தசையில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது) வேண்டும். குழாய்களை விரிக்கும் மருந்தான அடினோசினை, எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம், மூன்று நான்கு நிமிடம் ஏற்றி, காடோலினியம் என்ற எம்ஆர்ஐ சாயம் இதயத்தசைக்குள் முதன்முறை பாயும்போது படமெடுப்பார்கள். பிறகு ஓய்விலும் ஒருமுறை. முந்தைய நாள் குடித்த காபி, டீகூட அடினோசினைத் தடுத்துப் பொய்யான நார்மல் தரும். 24 மணி நேரம் நிறுத்துவதே நல்லது. ஆஸ்துமா உள்ளவர்கள் கட்டாயம் முன்பே சொல்ல வேண்டும்.

கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. ரத்த ஓட்டக் குறைவு இதயம் முழுக்கச் சீராக இருந்தால் ஒப்பிட நல்ல பகுதியே இராது. படத்தில் இதயத்தசையின் உள்விளிம்பில் வரும் கருங்கோடு சிலசமயம் வெறும் படப்பிழை. ரத்த ஓட்டத்தை எண்ணாக அளந்து, ஸ்ட்ரெஸ்–ஓய்வு விகிதம் (மருந்து ஏற்றியபோதைய ஓட்டம் ஓய்வில் உள்ளதைப்போல் எத்தனை மடங்கு என்பது) ஏறத்தாழ 2-க்குக் கீழே இருந்தால் சந்தேகப்படலாம். மூன்று பெரிய குழாய்களில் அடைப்பு இருந்தாலும் இதே எண் வரும். அதை ஆஞ்சியோவில் விலக்கியிருக்க வேண்டும். குழாய் திடீரெனச் சுருங்குவதால் வரும் வலி இதிலும் பிடிபடாது, அதற்கு ஆஞ்சியோ செய்யும் கேத் லேபில், அந்தச் சுருக்கத்தைத் தூண்டிப் பார்க்கும் அசிட்டைல்கோலின் மருந்துச் சோதனை.