பிக்காசோ முகமூடிகளைப் பார்த்தது பாரிஸில்

வணக்கம் அக்கா. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஓவியர் பிக்காசோவைப் பற்றி நீங்கள் போட்ட குறிப்பில், அவர் ஆப்பிரிக்காவுக்கு வந்து முகமூடிகளைப் பார்த்த பிறகுதான் ஓவியப் பாணியை மாற்றினார் என்று இருக்கிறது. இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பெற்றோர் பலரும் அதை அப்படியே பகிர்கிறார்கள்.

முகமூடிகளின் தாக்கம் உண்மைதான். ஆனால் அவர் அவற்றைப் பார்த்தது 1907-இல், பாரிஸ் ட்ரோகாடெரோ இனவியல் அருங்காட்சியகத்தில். 1904 முதலே அவர் அந்த நகரத்தில்தான் குடியிருந்தார். மேற்கு, மத்திய ஆப்பிரிக்க முகமூடிகள் காலனி ஆட்சியில் அங்கே போய்ச் சேர்ந்தவை. செதுக்கியவர்களின் பெயரைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைக்கவில்லை. இந்த மண்ணில் வளரும் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும் என்பது என் எண்ணம்.

சரிபார்ப்பது எளிது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பிக்காசோவின் 'அவிஞ்ஞோன் பெண்கள்' ஓவியத்தைத் திறங்கள். ஆண்டு 1907 என்றிருக்கும். வலப்பக்கத்து இரண்டு முகங்களைப் பெரிதாக்கினால் முகமூடிச் சாயலும், மூக்கையொட்டிப் பட்டை பட்டையாக இழுத்த பச்சைக் கோடுகளும் தெரியும். பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பார்கள். அவர் 1906 கோடையில் ஸ்பெயினின் கோசோல் ஊரிலும், 1907-இல் பாரிஸிலும் இருந்தார் என்பதை எந்த நல்ல வாழ்க்கைக் காலவரிசையிலும் பார்க்கலாம்.

"ஆப்பிரிக்காவுக்கு வந்து" என்பதை "பாரிஸ் அருங்காட்சியகத்தில்" என்று மாற்றினால் போதும் அக்கா.