ஃபேக்ட்னு மேல போட்டுட்டா ஃபேக்ட் ஆயிடுமா?

சிதம்பரம் நடராஜர் கோயிலைப் பத்தி நேத்து ஒருத்தர் "ஃபேக்ட்"னு தலைப்பு வெச்சு ஒண்ணு போட்டாரு, அதுல நடந்த கூத்துதான் இது. பூமியோட காந்த நடுக்கோட்டுக்கு சென்டர் பாயிண்ட் நடராஜர் கால் கட்டைவிரல்தான், வெளிநாட்டு விஞ்ஞானிகள் எட்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்ச ஃபேக்ட்டாம். எந்த விஞ்ஞானி, எந்த நாடு? நான் கேட்டது அவ்ளோதான். "நம்பிக்கை இல்லாதவங்க ஒதுங்கிக்கலாம்"னு பதில் வருது.

ஐயா, நம்பிக்கைன்னு போட்டிருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன். நானும் அந்த சன்னதில கண்ணு கலங்கி நின்னவதான். ஃபேக்ட்னு போட்டது நீங்க. ஃபேக்ட்னா யாரு வேணா போய் சரிபாக்கலாம், பாத்தா நம்பறவனுக்கும் நம்பாதவனுக்கும் ஒரே விடைதான் வரணும். காந்த நடுக்கோடு ஒண்ணும் சிதம்பர ரகசியம் இல்ல, மேலயும் கீழயும் ஆடற மாதிரி ஒரு காந்த ஊசியைத் தொங்கவிட்டா எங்க எந்தப் பக்கமும் சாயாம படுக்கையா நிக்குதோ அதான். 1963-ல தும்பால ராக்கெட் விட்டதே அந்தக் கோடு அந்தப் பக்கமா போகுதுன்னுதான். தும்பா இருக்கறது திருவனந்தபுரத்துல, சிதம்பரத்துக்கு கிட்டத்தட்ட மூணு டிகிரி தெக்க. அந்தக் கோடும் ஒரே இடத்துல நிக்காது, கொஞ்சம் கொஞ்சமா நகந்துக்கிட்டே இருக்கும். கட்டைவிரலும் கூடவே நகருதா? உலகத்தையே சுத்தி வர்ற கோட்டுக்கு சென்டர் பாயிண்ட் எங்கேந்து வந்துச்சு?

"சிதம்பரம், காஞ்சி, காளஹஸ்தி மூணும் ஒரே தீர்க்கரேகைல இருக்கே, அதுவும் பொய்யா?" பொய் இல்ல. மேப் வெச்சுப் பாத்தேன், மூணும் 79.7 டிகிரி பக்கத்துல வருது, எனக்கே புல்லரிச்சுது. அதுக்காக அது கையைப் புடிச்சுக்கிட்டு கூடவே வர்றதெல்லாம் உண்மையாயிடுமா?

"மத்த மதத்தைக் கேக்க தைரியம் இருக்கா?" போங்க சார், வேலை இருக்கு.

"படிச்ச திமிர்", "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இவ்ளோ வாய்"னு எழுதினீங்களே, அதான் தாங்கல. வெண்டைக்காய் ஊறவெச்ச தண்ணி குடிச்சா சுகர் போயிடும், ஃபேக்ட்னு ஒரு ஃபார்வேர்டு வந்துச்சு, எங்கப்பா மாத்திரையை நிறுத்திட்டாரு. சொல்லவே இல்ல, தலகாணிக்கடியில அட்டை அட்டையா கெடந்தப்பதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள குதிகால் புண்ணு ஆறாம போய், கட்டு மாத்தறப்பல்லாம் சுவத்தைப் பாத்துக்கிட்டு பல்லைக் கடிப்பாரு. அப்ப அந்த ஃபார்வேர்டுக்கு கைகூப்பு போட்டவங்க ஒருத்தரும் ஆஸ்பத்திரி பக்கம் வரல. ஆதாரம் கேட்டா திமிர்னா, ஆமா, திமிர்தான். வெச்சுக்கங்க.

அதை அப்பாவுக்கு அனுப்பினதும் சிதம்பரத்தைப் போட்ட இதே சித்தப்பாதான். நேத்து ராத்திரி என்னை பிளாக் பண்ணிட்டாரு. இப்ப அம்மா, "பெரியவரு மனசு நோகற மாதிரி ஏண்டி கேட்ட, பொங்கலுக்கு வரமாட்டாராம், நீயே போய் கூப்புடு"ங்கறாங்க.