நீலப் புகை வந்தாலே இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

“பழைய காரில் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்கி முழுசாகப் பிரிக்க வேண்டும்” என்ற செய்தி பரவுகிறது. இது தவறு. (பிஸ்டன் ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி, ஆயிலும் அழுத்தமும் கசியாமல் அடைக்கும் வளையம்.) புகை எப்போது வருகிறது என்பதை முதலில் கவனியுங்கள்.

இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் சில நொடி புகைத்து அடங்கினால், பெரும்பாலும் வால்வு சீல்தான் (வால்வுத் தண்டில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) காரணம். ரப்பர் இறுகிப்போய், ஆயில் அந்தத் தண்டு வழியே சிலிண்டருக்குள் கசிந்து இறங்கியிருக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் தொடர்ந்து புகைத்தால் ரிங்கைச் சந்தேகிக்கலாம்.

பெட்ரோல் இன்ஜினில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்க்காமல் எதற்கும் பணம் கட்டாதீர்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு பிளக் துளையிலும் அழுத்தம் அளக்கும் கேஜை மாற்றி மாற்றிப் பொருத்தி, எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். அழுத்தம் குறைவாகக் காட்டும் சிலிண்டரில் 5 முதல் 10 மில்லி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு). டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) இறுகியிருந்தாலும் வால்வு முழுதாக மூடாது. ஹெட்டைக் கழற்றுமுன் அதை அவசியம் அளக்கச் சொல்லுங்கள், வெறும் சரிசெய்தலோடு முடியலாம்.

சீல் மட்டும் என்றால், பல இன்ஜின்களில் சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கி, ஹெட்டைக் கழற்றாமலே மாற்றலாம். வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) தேய்ந்திருந்தால் புது சீலும் சீக்கிரம் போய்விடும். அதனால் கைடு வேலைக்கு எவ்வளவு என்பதைத் தனியாக எழுதி வாங்குங்கள்.