மூன்று பேரையும் ஒன்றாக உட்காரவைக்கும் மேலாளர்களே!

கால்பந்தில் கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கும் இரண்டு சென்டர் பேக்குகளையும், அவர்களுக்கு முன்னால் அரணாக நிற்கும் மிட்ஃபீல்டரையும் ஒரே ஆட்டத்தில் பெஞ்சில் உட்காரவைத்து, போதாக்குறைக்கு அன்றைக்கே நால்வர் டிஃபென்ஸை (தடுப்பு வரிசையை) மூவராக மாற்றிப் பார்க்கும் துணிச்சல் இந்த மேலாளர்களுக்கு எங்கிருந்துதான் வருகிறது? ஓய்வு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. 2024 முதல் ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் முதல் கட்டமே அணிக்கு 8 ஆட்டங்களாகிவிட்டது. தொடைத்தசை கிழிந்து மாதக்கணக்கில் படுப்பதைவிட ஒரு புதன்கிழமை ஆடாமல் இருப்பது மேல். ஓரங்களில் ஓடும் விங்கர்களை மாற்றுங்கள், கோல் அடிக்கும் ஃபார்வர்டை மாற்றுங்கள். நடுவில் நிற்கும் மூன்று பேரையும் ஏன் ஒரே நாளில் பிடுங்குகிறீர்கள்?

வியாசர்பாடியில் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குத் தொடங்கும் ஆட்டத்துக்காக விழித்திருப்பவர்களில், விடிந்ததும் துறைமுகத்துக்கும் காசிமேட்டுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் கண்முன்னால் நான் ஆதரிக்கும் அணி அந்த மூவரும் இல்லாமல் சென்ற வாரம் ஆடியதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. வலக்கால் ஆட்டக்காரர் ஒருவரை இடது சென்டர் பேக்காக நிறுத்தியிருந்தார்கள். பந்து வரும்போதெல்லாம் அவர் உடம்பைத் திருப்பி அதை வலக்காலுக்குக் கொண்டுவருவதற்குள் எதிரணி ஃபார்வர்டு மேலே வந்து விழுந்தார். முன்னால் பாஸ் வாங்க ஆளில்லாததால் கோல்கீப்பரிடமே திருப்பினார். கோல்கீப்பர் நீளமாக உதைத்த பந்து நேராக எதிரணியிடம் போனது. முதல் பாதி முழுக்க இதே கதை. ஐந்து மாற்று வீரர்களை இறக்க அனுமதி இருந்தும், ஒரு மணி நேர ஆட்டம் முடியும்வரை மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

இதற்குப் பாடம் இல்லாமலா போயிற்று? 2004 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் மொனாக்கோ பத்துப் பேராகக் குறைந்தபோது ஸ்கோர் 1-1. செல்சி மேலாளர் ரானியேரி வலப்பக்கம் தடுக்கும் ரைட் பேக் மெல்கியோட்டை வெளியே எடுத்து ஃபார்வர்டு ஹாசல்பைங்கை இறக்கினார். வரிசை குலைந்து 3-1 எனத் தோற்றார்கள். அதே ரானியேரி 2015-16 சீசனில் லெஸ்டரின் பதினொருவரைப் பெரிதாகத் தொடாமல் 81 புள்ளிகளோடு இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை வென்றார். (லெஸ்டருக்கு அந்த ஆண்டு ஐரோப்பிய ஆட்டங்கள் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) 2021-இல் போர்ட்டோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் மேலாளராக இருந்த குவார்டியோலா, அரணாக நிற்கும் மிட்ஃபீல்டர்களான ரோட்ரியையும் பெர்னாண்டினோவையும் சேர்த்தே பெஞ்சில் வைத்தார், ஹாவர்ட்ஸ் அடித்த ஒரே கோலில் செல்சி கோப்பையைக் கொண்டுபோனது. இரண்டு ஆண்டு கழித்து சிட்டி ஆடிய இஸ்தான்புல் இறுதியாட்டத்தில் ரோட்ரி முதல் நிமிடத்திலிருந்தே ஆடினார், இன்டர் மிலானுக்கு எதிரான ஒரே கோலை அடித்தவரும் அவர்தான்.

எங்கள் முல்லை நகர் மைதானத்தில் சிறுவர்களுக்குப் பயிற்சி தரும் அண்ணன்கள் ஆள் பற்றாக்குறையிலும் டிஃபென்ஸ் ஜோடியைப் பிரிக்க யோசிப்பார்கள். ஒருவன் பந்துக்குப் போனால் மற்றவன் பின்னால் மூடுவது குரல் கொடுக்காமலேயே நடக்க வேண்டும். அது சேர்ந்து ஆடி ஆடித்தான் வரும். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் மேலாளர் அந்தப் பழக்கத்தை ஒரே ராத்திரியில் கலைத்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் வீரர்களிடம் வேகம் இல்லை என்று பேட்டி கொடுக்கிறார். மூன்று பேரையும் உட்காரவைத்தது யார் என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.