விரல் அசைந்தால் எலும்பு முறியவில்லையா?

"விரலை அசைக்க முடிந்தால் முறிவு இல்லை, எண்ணெய் தடவினால் போதும்" என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. விரலை அசைப்பவை தசையும் தசைநாணும். எலும்பில் விரிசல் விட்டாலும் அவை இழுக்கும்.

குளியலறையில் வழுக்கிக் கையூன்றி விழுந்த நான், பத்து நாள் அதே கையால்தான் தோசை வார்த்தேன். கட்டைவிரலை நிமிர்த்தினால் அதன் அடியில் ஒரு குழி விழுமே, அங்கே அழுத்தினால் மட்டும் உயிர் போனது. மணிக்கட்டின் படகெலும்பு முறிந்திருந்தது. இம்முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். வலி நீடித்தால் இரண்டு வாரத்தில் மறுபடி எடுப்பார்கள். கவனிக்காமல் விட்டால் எலும்பு சேராமலே போகக்கூடும்.

எக்ஸ்ரே தேவையா என்று முடிவுசெய்ய, கணுக்காலுக்கு 1992இல் வெளியான ஒட்டாவா விதிகள் உண்டு. அடிபட்டபின் நான்கு அடி எடுத்துவைக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் இருபக்கமும் புடைத்திருக்கும் எலும்பு மொட்டின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே தேவை.

சந்தேகமென்றால் அமெரிக்க எலும்பு மருத்துவர்களின் ஆர்த்தோஇன்ஃபோ தளத்தில் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.